கடற்கரை விழாவும் கரையில் இடமில்லா மக்களும்

2025 மே 19 முதல் 24 வரை ஆறு நாட்கள் டையூவின் கோக்லா கடற்கரை நாட்டின் செய்தித் திரைகளில் இடம்பிடித்தது. முதலாவது ‘கேலோ இந்தியா கடற்கரை விளையாட்டுப் போட்டிகள்’ என்று ஒன்றிய விளையாட்டுத்துறை பெயர் சூட்டிய விழா அது. 30 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களிலிருந்து 1,350க்கும் மேற்பட்ட வீரர், வீராங்கனைகள் வந்திருந்தனர். பதக்கத்திற்குரிய ஆறு விளையாட்டுகளில் கால்பந்து, கைப்பந்து, கபடி, செபக் தக்ரா, பென்காக் சிலாட் ஆகிய ஐந்தும் மணலில் நடந்தன. கடலுக்குள் இறங்கியது ஒன்றே ஒன்றுதான். அது திறந்த நீர் நீச்சல். கடற்கரை விழாவுக்குக் கடல் உண்மையில் தேவைப்பட்டதே அந்த ஒரு போட்டிக்காகத்தான். அந்த ஒன்றைக் கூர்ந்து நோக்கினால் விழாவின் அரசியல் முழுவதும் புலப்பட்டுவிடும்.

நீச்சலைக் குறை சொல்ல எதுவும் இல்லை. நீச்சல் குளத்தில் அடித்தளக் கறுப்புக் கோடு வழிகாட்டுகிறது. கடலில் அப்படி ஒன்று கிடையாது. சில வீச்சுகளுக்கு ஒருமுறை தலையை உயர்த்தி, அலைகளுக்கு நடுவே மிதவை எங்கே என்று தேட வேண்டும். நீரோட்டம் பக்கவாட்டில் இழுக்கும். உப்பு நாவைத் தடிக்கச் செய்யும். பத்து கிலோமீட்டர் கடல் நீச்சல் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் முதல் ஒலிம்பிக் போட்டியாகவே இருந்துவருகிறது. அந்தத் தூரத்தைக் கடக்கும் இளைஞருக்கு எந்தப் பாராட்டும் மிகையாகாது. கேள்வி அவர்களைப் பற்றியதன்று. அவர்கள் நீந்திய கடலையும் அதன் கரையையும் பற்றி முடிவெடுப்பவர் யார், அந்த முடிவால் வாழ்பவர் யார், வதைபடுபவர் யார் என்பதே கேள்வி.

டையூ சுமார் 40 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறு தீவு. சௌராஷ்டிரத்தின் தென்முனையை ஒட்டிக் கிடக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 52,074. விழா நடந்த கோக்லா, தீவிலிருந்து பாலம் கடந்தால் எதிர்க்கரையில் உள்ளது. நிர்வாக அளவில் டையூவின் பகுதி. தீவின் மேற்குக் கோடியில் வணக்பாரா என்ற மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் பார்க்க வருவது போர்த்துக்கீசியர் கட்டிய கோட்டையை. மதுவிலக்கு உள்ள குஜராத்திலிருந்து வருவோர் பலருக்கு நாட்டம் வேறு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தீவின் சொந்த மக்களில் பெரும்பகுதியினருக்குக் கடல் காட்சிப் பொருளன்று, உலைக்கு அரிசி.

போர்த்துக்கீசிய ஆட்சி 1961 டிசம்பர் 19 அன்று முடிவுக்கு வந்தது. அந்த விடுதலை தில்லியிலிருந்து மட்டும் வந்ததன்று. 1955 ஆகஸ்ட் 15 அன்று கோவா எல்லையில் ஆயுதமின்றி நடந்துசென்று போர்த்துக்கீசியத் துப்பாக்கிகளின் முன் நின்ற சத்தியாகிரகிகளில் கம்யூனிஸ்ட்டுகள் கணிசமாக இருந்தனர். விடுதலைக்குப் பின் கோவா, டாமன், டையூ மூன்றும் ஒரே யூனியன் பிரதேசமாகி, 30 உறுப்பினர் கொண்ட சட்டமன்றமும் அமைந்தது. அதில் டையூவுக்கு ஓர் உறுப்பினர் இருந்தார். 1987 மே 30 அன்று கோவா மாநிலமானது. அன்றோடு டையூ மக்கள் தங்கள் சட்டமன்ற உறுப்பினரை இழந்தனர். 2020 ஜனவரி 26 அன்று தாத்ரா நகர் ஹவேலியோடு இணைக்கப்பட்டபோதும் இழந்தது திரும்பக் கிடைக்கவில்லை. ஏறத்தாழ நான்கு பத்தாண்டுகளாக இந்தத் தீவின் நிலம், கடற்கரை, காவல்துறை, சுற்றுலா அனைத்தையும் தில்லி அனுப்பும் நிர்வாகி ஒருவர் ஆள்கிறார். உள்ளாட்சி மன்றங்கள் உண்டு; கடற்கரையில் எது வரலாம், எது வரக்கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை.

பொதுவாக இந்திய ஆட்சிப் பணி அதிகாரிகள் வகித்துவந்த அந்த நிர்வாகிப் பொறுப்பில், 2016 ஆகஸ்ட்டில் மோடி அரசு அமர்த்தியது பிரபுல் கோடா படேலை. குஜராத்தில் நரேந்திர மோடி முதல்வராக இருந்த காலத்தில் உள்துறை இணை அமைச்சராக இருந்த பாஜக அரசியல்வாதி அவர். டையூ விழா நடந்தபோதும் நிர்வாகி அவரே. அவரது ஆட்சியில் கடற்கரைக்கு என்ன நேரும் என்பதை முதலில் கண்டவர்கள் டாமன் மீனவர்கள். 2018 நவம்பரில் மோட்டி டாமன் கலங்கரை விளக்கத்திலிருந்து ஜாம்போர் வரையிலான கரையில் மீனவக் குடும்பங்களின் வீடுகள் ஆக்கிரமிப்பு என்று முத்திரை குத்தப்பட்டு இடிக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். எதிர்ப்புத் தெரிவித்தோரை அடக்க 144 தடையுத்தரவு போடப்பட்டது. கடற்கரைச் சாலை, நடைபாதை, உல்லாசக் கூடாரங்கள் என்று ‘அழகுபடுத்தல்’ அதன் பின்னர் வந்து சேர்ந்தது.

அடுத்த அத்தியாயம் லட்சத்தீவு. 2020 டிசம்பரில் அந்தத் தீவுக்கூட்டத்தின் பொறுப்பும் இதே படேலிடம் கூடுதலாக ஒப்படைக்கப்பட்டது. சில மாதங்களுக்குள் வரைவுச் சட்டங்கள் வரிசையாக வந்தன. குற்றங்கள் மிக அரிதான தீவுகளுக்குக் குண்டர் சட்டம், வளர்ச்சி என்ற பெயரில் எவருடைய நிலத்தையும் எடுத்துக்கொள்ள வழிவகுக்கும் வளர்ச்சி ஆணைய ஒழுங்குமுறை, இரண்டு குழந்தைகளுக்கு மேல் பெற்றவர் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கத் தடை, பள்ளி மதிய உணவில் மாட்டிறைச்சி நீக்கம், சுற்றுலாவுக்காக மது உரிமம் என்று அந்தப் பட்டியல் நீண்டது. மீனவர்கள் கரையில் வலையும் படகும் வைத்திருந்த கொட்டகைகளும் தப்பவில்லை. கேரள சட்டமன்றம் 2021 மே 31 அன்று நிர்வாகியைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஒன்றிய அரசு செவிசாய்க்கவில்லை. 2023 ஜனவரியில் டாட்டா குழுமத்தின் இந்தியன் ஹோட்டல்ஸ் நிறுவனம் சுஹேலி, கட்மத் ஆகிய இரண்டு தீவுகளில் தலா 110 அறைகள் கொண்ட தாஜ் விடுதிகளை அறிவித்தது. அவற்றில் ஒரு பகுதி, நீரின் மேலேயே தூண்களில் நிற்கும் மாளிகைகள். 2024 ஜனவரி முதல் வாரத்தில் பிரதமர் லட்சத்தீவுக் கடலில் முகமூடியணிந்து மிதந்த படங்கள் வெளியாயின. அதே வாரத்தில், ஜனவரி 4 அன்று, டையூவில் கடற்கரை விளையாட்டுகளின் முன்னோட்டப் பதிப்பும் தொடங்கியது. இரண்டு தீவுகள், ஒரே நிர்வாகி, ஒரே விளம்பரம்.

இதைத் தற்செயல் என்று கருத இடமில்லை. கடற்கரையில் மனிதர் வாழ்கிறார்கள் என்ற நினைப்பையே அழித்து, அதை வெறும் மணலாகவும் நீலமாகவும் காட்டினால்தான் அதை விற்க முடியும். நீச்சல் போட்டி இந்தக் காட்சிக்கு மிகவும் வசதியானது. படகுகள் அகற்றப்பட்ட, வலைகள் உலராத, மீன் நாற்றமில்லாத கடல். அதில் வரிசையாக வண்ணத் தொப்பிகள். முதலீட்டாளர் மாநாட்டில் திரையிட இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது.

கோக்லா கடற்கரைக்கு 2020 அக்டோபரில் ‘நீலக்கொடி’ச் சான்றிதழ் கிடைத்தது. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் அமைப்பு வழங்கும் சான்றிதழ் இது. இந்தியாவில் முதன்முதலாக அதைப் பெற்ற எட்டுக் கடற்கரைகளில் கோக்லாவும் ஒன்று. சுத்தமான கடற்கரையை யாரும் வெறுப்பதில்லை. ஆனால் சான்றிதழ் வருவதற்கு முன்பே, 2020 ஜனவரியில், சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. நீலக்கொடிக் கடற்கரைகளில் தேவைப்படும் கட்டுமானங்களை உயர் அலைக் கோட்டிலிருந்து வெறும் பத்து மீட்டர் தள்ளிக்கூட அமைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். அதற்கு ஓராண்டுக்கு முன் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மக்கள் நெருக்கமாக வாழும் ஊரகக் கடலோரத்தில் கட்டுமானத்திற்குத் தடை செய்யப்பட்ட தூரத்தை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது. நிலத்தை ஒட்டிய தீவுகளுக்கோ 20 மீட்டர்தான். சூழலுக்கு ஆபத்து என்று மீனவனின் ஓலைக் கொட்டகையைக் கலைக்கும் அதே அரசு, சூழலைக் காக்கிறோம் என்ற கொடியின் நிழலில் கட்டுமானத்தைக் கரைக்கு நெருக்கமாகக் கொண்டுவருகிறது. கொடியின் நிறம் மட்டும் நீலம்.

இனி, கடலுக்குள் செல்வோம். மிதவைக் கோட்டுக்குள் நீந்தும் போட்டியாளருக்குப் பாதுகாப்புப் படகு, உயிர்காப்பாளர், மருத்துவர், நேரக் கணிப்பாளர் எல்லாம் உண்டு, இருக்கவும் வேண்டும். மிதவைக் கோட்டைத் தாண்டினால் என்ன உண்டு? டையூவும் அதை அடுத்த குஜராத்தின் கிர் சோம்நாத் மாவட்டமும் இந்த நாட்டிலேயே அதிக எண்ணிக்கையில் பாகிஸ்தான் சிறைக்கு மீனவர்களை அனுப்பிவைக்கும் பகுதிகள். கரையோரத்தில் ஆலைக் கழிவும் அளவு கடந்த விசைப்படகு மீன்பிடிப்பும் மீன்வளத்தைக் குறைத்துவிட்டன. மேலும் மேலும் வடமேற்கே போக வேண்டியிருக்கிறது. அங்கே சர் கிரீக் எல்லை இன்றுவரை இரு நாடுகளுக்கிடையே தீர்க்கப்படாமல் கிடக்கிறது. அலையின் மேல் எவரும் கோடு கிழித்து வைக்கவில்லை. இயந்திரம் பழுதானால், காற்று திசைமாறினால், படகு மறுபுறம் போய்விடுகிறது. கைதாகிறவன் படகின் உடைமையாளன் அல்லன்; பருவக் கூலிக்கு ஏறிய கலாசி. பறிமுதலான படகுகள் பெரும்பாலும் திரும்புவதில்லை. ஆள் திரும்ப ஆண்டுகள் ஆகின்றன. பாக் நீரிணையில் வலை வீசும் ராமேஸ்வரம் மீனவரின் குடும்பத்துக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

2008ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி இந்தியாவும் பாகிஸ்தானும் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய நாட்களில் சிறைப்பட்டோர் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. டையூ விழா முடிந்த ஐந்து வாரங்களில், 2025 ஜூலை 1 அன்று வந்த பட்டியலில் பாகிஸ்தான் சிறைகளில் இந்திய மீனவர்கள் 193 பேர் இருந்தனர். இந்தியச் சிறைகளில் பாகிஸ்தான் மீனவர்கள் 81 பேர். தண்டனைக் காலம் முடிந்தும் விடுவிக்கப்படாத இந்திய மீனவர்களும் பிற கைதிகளும் 159 பேர் என்று வெளியுறவு அமைச்சகமே கூறியது. தண்டனை முடிந்த பிறகும் சிறை! ‘ஆபரேஷன் சிந்தூர்’ தாக்குதல்களுக்குப் பின் மே 10 அன்று சண்டை நின்றது; ஒன்பதே நாளில் இதே அரபிக்கடலின் கரையில் விழா தொடங்கியது. எல்லாம் வழமைக்குத் திரும்பிவிட்டது என்று காட்டுவதற்கு அந்த விழா உதவியிருக்கலாம். கராச்சியின் மாலிர் சிறையில் இருந்த கலாசிக்கு எதுவும் வழமைக்குத் திரும்பவில்லை. எல்லையில் பதற்றம் கூடும்போதெல்லாம் முதலில் பிடிபடுவதும் கடைசியில் விடுதலையாவதும் இரு நாட்டு ஏழை மீனவர்களே. அவர்களை ஒருவருக்கொருவர் எதிரியாக்கும் தேசவெறி, அவர்கள் இருவரும் ஒரே கடலில் ஒரே மீனைத் தேடுகிறவர்கள் என்பதை மறைத்துவிடுகிறது.

நீச்சல் விதிகளில் ஒன்று இங்கே குறிப்பிடத்தக்கது. 2010 அக்டோபர் 23 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் நடந்த பத்து கிலோமீட்டர் உலகக் கோப்பைப் போட்டியில் அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் வெந்நீர் போன்ற கடலில் நீந்தும்போதே உயிரிழந்தார். வயது 26. அந்த மரணம் எழுப்பிய கண்டனத்திற்குப் பிறகே, நீரின் வெப்பம் 31 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் போட்டி நடத்தக்கூடாது என்ற உச்சவரம்பு வந்தது. நியாயமான விதி. வெப்பமண்டலத் தீவில், மே மாதத்தில், அது வெறும் காகித விதியும் அன்று. ஆனால் அதே மே மாதத்தில் அதே கரையில் பனிக்கட்டிப் பெட்டி சுமப்பவருக்கும், மீன் காய வைக்கும் பெண்களுக்கும், கட்ச் உப்பளத்தில் பாத்தி வாருபவருக்கும் எத்தனை டிகிரியில் வேலையை நிறுத்த வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? விளையாட்டு வீரரின் உடல் வெப்பத்தில் சாகும் என்பதை உலக நீச்சல் சங்கம் ஏற்றுக்கொண்டுவிட்டது. தொழிலாளியின் உடலும் அதே சதையால் ஆனது என்பதை ஏற்க இந்திய முதலாளிகளுக்கும் அவர்களின் அரசுக்கும் இன்னும் மனம் வரவில்லை.

விழாவை நியாயப்படுத்துவோர் ஒரு வாதத்தை முன்வைக்கிறார்கள். 2024ல் டையூவில் ஒட்டுமொத்த முதலிடம் பெற்றது கடலே இல்லாத மத்தியப் பிரதேசம். 2025ல் பதக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றது மலைநாடான மணிப்பூர். எனவே கேலோ இந்தியா எல்லோரையும் சென்றடைகிறது, கடல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்கிறார்கள். மணிப்பூர் இளைஞர்களின் வெற்றிக்குத் தலைவணங்கலாம். அந்த மாநிலம் 2023 மே 3 முதல் எரிந்தது. 60,000 பேர் வீடிழந்து முகாம்களில் அடைந்தனர். 2025 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ஆட்சியும் வந்தது. பிரதமர் 2025 செப்டம்பர் வரை அந்த மண்ணில் கால் வைக்கவில்லை. அப்படிப்பட்ட ஒரு மாநிலத்தின் பிள்ளைகள் வென்ற பதக்கத்தை ஒன்றிய அரசு தன் கணக்கில் வரவு வைப்பது வெட்கமறியாச் செயல்.

நிதிக் கணக்கைப் பார்த்தாலும் வாதம் நிற்காது. கேலோ இந்தியா திட்டத்தின் கீழ் விளையாட்டுக் கட்டமைப்புக்கு மாநிலவாரியாக ஒதுக்கிய தொகை குறித்து ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தந்த விவரப்படி உத்தரப் பிரதேசத்துக்கு 438 கோடி ரூபாய், குஜராத்துக்கு 426 கோடி. மணிப்பூருக்கு 46 கோடி. ஆயிரம் கிலோமீட்டர் கடற்கரை கொண்ட தமிழ்நாட்டுக்கு 20 கோடி! பதக்கம் வெல்லும் மாநிலத்துக்கும் பணம் பெறும் மாநிலத்துக்கும் இடையே உள்ள தூரம், எந்தக் கடல் நீச்சலின் தூரத்தையும்விட அதிகம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் இத்திட்டத்துக்கு 1,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதில் எத்தனை மீனவக் குப்பங்களில் நீச்சல் குளம் வந்தது, எத்தனை பயிற்சியாளர் நியமிக்கப்பட்டனர் என்று கேட்டால் விழாப் படங்களைக் காட்டுவார்கள்.

இங்கே ஒரு நுட்பமான அநீதி இருக்கிறது. மீனவர் வீட்டுப் பிள்ளைகள் நடக்கப் பழகும் வயதிலேயே நீரில் இறங்கிவிடுகிறார்கள். ஆயினும் பத்து கிலோமீட்டர் போட்டிக்கு வேண்டியது அந்தப் பழக்கம் மட்டுமன்று. ஐம்பது மீட்டர் குளத்தில் நாள்தோறும் காலையும் மாலையும் பயிற்சி, சத்துணவு, பயிற்சியாளர், பயணச் செலவு ஆகியவை வேண்டும். அவை பெங்களூரிலும் புனேயிலும் கட்டணம் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைக்கின்றன. வணக்பாராவின் சிறுவனுக்குக் கடல் இருக்கிறது, குளம் இல்லை. ஆக, அவன் வீட்டு வாசலில் நடக்கும் நீச்சல் விழாவில் அவன் பார்வையாளன்.

இந்திய கடல் நீச்சலின் வரலாறு இப்படி விளம்பர மேடையிலிருந்து பிறக்கவில்லை. 1958 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் இந்தியர் மிஹிர் சென். அவர் 1966 ஏப்ரலில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிவரை பாக் நீரிணையையும் கடந்தார். 1959 செப்டம்பர் 29 அன்று கால்வாயைக் கடந்த ஆரத்தி சாஹா, ஆசியாவிலேயே அதைச் செய்த முதல் பெண். இரண்டு முறை கால்வாயைக் கடந்து, 2004ல் பாக் நீரிணையையும் வென்ற புலா சௌத்ரி, ஹூக்ளி மாவட்டத்து ஆற்றங்கரைப் பெண். 2006ல் நந்தன்பூர் தொகுதியிலிருந்து இடதுசாரி வேட்பாளராக மேற்கு வங்க சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1994ல் ஒரே ஆண்டில் ஆறு நீர்ப்பரப்புகளை நீந்திக் கடந்து உலகை வியக்கவைத்த தமிழ்நாட்டுச் சிறுவன் குற்றாலீஸ்வரனைத் தமிழ் வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். அந்தச் சாதனையாளர் தொடர்ந்து நீந்த ஆதரவு இல்லாமல், நீச்சலை விட்டுப் படிப்புக்குத் திரும்ப நேர்ந்தது. கொண்டாட ஆள் இருந்தார்கள். தாங்கிப்பிடிக்க ஓர் ஏற்பாடு இல்லை.

ஏற்பாடு இருந்தால் நீச்சல் விழா எப்படி இருக்கும் என்பதற்கும் இந்தியாவில் உதாரணம் உண்டு. மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் பாகீரதி ஆற்றில், ஜங்கிப்பூரிலிருந்து பெர்ஹாம்பூர்வரை 81 கிலோமீட்டர் நீச்சல் போட்டி பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. உலகின் மிக நீளமான நீச்சல் போட்டிகளில் ஒன்று. விடியலில் நீரில் இறங்குவோர் பத்து மணி நேரத்துக்கும் மேல் நீந்துகிறார்கள். இதை நடத்துவது மாவட்ட நீச்சல் சங்கம். ஜியாகஞ்சிலிருந்து தொடங்கும் 19 கிலோமீட்டர் போட்டியும் உடன் நடக்கிறது. கரை நெடுகிலும் படித்துறை படித்துறையாக ஊர் மக்கள் கூடி நின்று தொண்டை கிழிய ஊக்கப்படுத்துகிறார்கள். அங்கே ஆறு அந்த மக்களுடையது; விழாவும் அவர்களுடையது. யாரையும் அப்புறப்படுத்திவிட்டு ஆற்றை அழகாக்கிக் காட்ட வேண்டிய தேவை எவருக்கும் எழவில்லை.

நீச்சலைப் பற்றிப் பேசும் எந்த அரசும் பதில் சொல்ல வேண்டிய இன்னொரு கணக்கு இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுப்படி 2022ல் மட்டும் இந்தியாவில் நீரில் மூழ்கி இறந்தவர்கள் 38,000க்கும் மேல். குளத்தில், கிணற்றில், கல்குவாரிக் குட்டையில், வெள்ளத்தில், கடலில். இறப்போரில் பெரும்பாலோர் ஏழைகள். குழந்தைகளும் இளைஞர்களும் மிகுதி. இந்தியாவைவிட வசதி குறைந்த வங்கதேசத்தில், கிராமத்துக் குளத்தில் மூங்கில் மேடை கட்டிச் சிறுவர்களுக்கு நீச்சல் கற்றுத்தரும் திட்டம் பல ஆண்டுகளாக நடக்கிறது. 2021 ஏப்ரலில் நீரில் மூழ்குவதைத் தடுப்பது குறித்து ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய முதல் தீர்மானத்தை முன்னின்று கொண்டுவந்ததும் வங்கதேசமும் அயர்லாந்தும்தான். இந்தியப் பள்ளிகளில் யோகாவுக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. நீச்சல் பாடத்துக்கு ஒரு வகுப்பு நேரம்கூட இல்லை.

இப்படிக் கேட்பவர்களை விளையாட்டின் எதிரிகள் என்றும் வளர்ச்சியின் எதிரிகள் என்றும் சாடுவது சங் பரிவாரத்தின் வாடிக்கை. லட்சத்தீவு மக்கள் 2021ல் வீடுகளின் முன் பதாகை ஏந்தி உண்ணாநோன்பிருந்தபோதும் அதே வசைதான் வந்தது. தீவு மக்களின் சார்பாகத் தொலைக்காட்சியில் பேசிய திரைப்பட இயக்குநர் ஆயிஷா சுல்தானா மீது தேசத்துரோக வழக்கே போடப்பட்டது. 72,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்காக 130 சதுர கிலோமீட்டர் காட்டை அழிக்கப்போகும் கிரேட் நிகோபாரில், ஷொம்பென் பழங்குடியினருக்காகப் பேசுவோரையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். சட்டமன்றம் இல்லாத தீவுகளில் எதிர்க்கட்சிகளின் குரலை மன்றத்துக்குள் ஒடுக்க வேண்டிய வேலைகூட அரசுக்கு மிச்சம்.

டையூவில் விழா முடிந்த எட்டாம் நாள், ஜூன் 1 அன்று, மேற்குக் கடற்கரையின் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. படகுகள் கரையேறின, கலாசிகளின் கூலி நின்றது. அந்த இரண்டு மாதங்களுக்கும் குடும்பம் நடத்தப் போதுமான நிவாரணம், கடலோர வாழிடத்திற்குச் சட்டப்படியான பட்டா, சிறையிலிருப்போரின் குடும்பங்களுக்கு மாதாந்திர உதவித்தொகை, தண்டனை முடிந்த இரு நாட்டு மீனவர்களையும் படகுகளோடு உடனே விடுவிப்பது, 1987ல் பறிபோன சட்டமன்றப் பிரதிநிதித்துவம் ஆகியவற்றைப் பற்றி ஒன்றிய விளையாட்டுத்துறை பேச வேண்டியதில்லை. ஒன்றிய அரசு பேசியாக வேண்டும். விளையாட்டுத்துறையின் பங்குக்கு, அடுத்த கடற்கரை விழாவின் பந்தல் செலவைத் திருப்பிவிட்டு வணக்பாராவில் ஐம்பது மீட்டர் குளம் ஒன்றும், நிரந்தர ஊதியம் பெறும் பயிற்சியாளர்கள் இருவரும் தரட்டும்.